மணத்தைக் கட்டிப்போட்ட படலம்

கருவாடு போட்ட சொப்பிங் பேக்கை எத்தனை முடிச்சுப் போட்டு இறுக்கினாலும், கல்முனையில் பஸ் ஏறி நிந்தவூரைத் தாண்டுவதற்குள் அதன் மணம் கடைசி சீற் வரை போய்விடும். பை கிழிந்திருக்காது. அதற்குள் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்தால் ஒரு சொட்டும் கசியாது. இன்னொரு பைக்குள் வைத்துக் கட்டினால் மணம் சற்றுப் பிந்தி வரும், வராமல் இராது. கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதினம் இல்லை. ஆனால் நின்று யோசித்தால் வியப்புத்தான். தண்ணீரை மறித்து நிற்கும் ஒரு தாளை மணம் எப்படிக் கடந்து போகிறது?

இப்போது அதே கருவாடு கட்டாருக்கும் சவூதிக்கும் விமானத்தில் போகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கென்று நெத்தலியும் கீரியும் வாங்கும் தாய்க்கு, கடைக்காரர் அவற்றைக் கண்ணாடிபோல் தெளிந்த, தடித்த ஒரு பைக்குள் இட்டு, மெசினில் வைத்துக் காற்றை உறிஞ்சி, வாயைச் சூட்டில் ஒட்டிக் கொடுப்பார். தாய்க்குச் சந்தேகம் தீராது.

"உடுப்புக்குள்ள வெச்சா மணக்காதா தம்பி?"

"மணக்காது மாமி. ஏழு லேயர் பேப்பர் இது."

கடைக்காரர் சொல்வது உண்மை. அவர் பேப்பர் என்று சொல்லும் அந்தப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 80 மைக்ரோமீற்றர். நம் தலைமுடி ஒன்றின் தடிப்புத்தான். அதற்குள் ஏழு படைகள் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே செய்து பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவதில்லை. ஏழும் உருகிய நிலையிலேயே சந்தித்து, ஒரே வாயிலிருந்து ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. சில ரூபாய்க்குக் கிடைத்து, ஒரு தடவை கிழித்தவுடன் எறிந்துவிடும் பொருட்களுக்குள் இவ்வளவு அறிவு செலவழிக்கப்பட்ட வேறொன்றை நான் அறியேன்.

முதலில் அந்த மணத்தின் பயணத்தைப் பார்ப்போம். பெருநாளைக்கு வாங்கிய பலூன் மறுநாள் காலையில் சுருங்கிக் கிடக்கும், முடிச்சு அவிழ்ந்திருக்காது. 1831இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோன் கியர்ஸ்லி மிட்செல் என்ற மருத்துவர் இதைத்தான் கவனித்தார். வேறு வேறு வாயுக்கள் நிரப்பிய இறப்பர் பலூன்கள் வேறு வேறு வேகத்தில் சுருங்கின. அதன் காரணத்தை 1866இல் இலண்டனில் தோமஸ் கிரகாம் விளக்கினார். இறப்பரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருந்து, வாயு அவற்றினூடாக ஒழுகுகிறது என்றால் பாரம் குறைந்த வாயுதான் முந்த வேண்டும். ஆனால் நைதரசனைவிடப் பாரமான காபனீரொட்சைட்டு பல மடங்கு வேகமாக இறப்பரைக் கடந்தது. ஆகவே இது துளைக் கணக்கில்லை என்று கிரகாம் கண்டார். வாயு முதலில் இறப்பருக்குள் கரைகிறது. பிறகு அதற்குள் அலைந்து திரிந்து மறுபக்கத்துக்கு வருகிறது. அங்கே ஆவியாகி வெளியேறுகிறது. சாதாரணக் காற்றை இறப்பர் படலத்தினூடாக இழுத்து, 21 வீதமாக இருந்த ஒட்சிசனை 40 வீதத்துக்கு மேல் கொண்டுவந்தும் காட்டினார். இன்றைக்கு ஒரு பொதியிடல் பொறியியலாளர் செய்யும் கணக்கெல்லாம் அந்த இரண்டு சொற்களில் அடங்கும்: எவ்வளவு கரைகிறது, எவ்வளவு வேகமாக அலைகிறது.

நாம் பொலித்தீன் என்று அழைப்பது பொலிஎதிலீன். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வுகூடத்தில் எரிக் ஃபோசெற், ரெஜினோல்ட் கிப்சன் என்ற இருவரின் கலத்துக்குள் எதிர்பாராமல் படிந்த வெள்ளை மெழுகுதான் அது. மெழுகு என்று சொல்வது உவமைக்காக இல்லை. காபனும் ஐதரசனும் மட்டும் கோத்த சங்கிலி என்ற வகையில் மெழுகும் பொலித்தீனும் ஒரே குடும்பம். பொலித்தீனின் சங்கிலி மிக மிக நீளம், அவ்வளவே. தண்ணீர் மெழுகோடு சேராதது போலவே பொலித்தீனோடும் சேராது. எனவே வெளியே நிற்கிறது. கருவாட்டு மணத்தில் பெரும்பங்கு எண்ணெயோடு உறவுள்ள மூலக்கூறுகள். அவை மெழுகுக்குள் எளிதாகக் கரையும். கரைந்த பிறகு, ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும் சங்கிலிகளுக்கு நடுவே ஒரு இடுக்குத் திறக்கும்போது அதற்குள் தாவும். அது மூடி இன்னொன்று திறக்கும்போது அங்கே தாவும். சூடு ஏற ஏற நெளிவு கூடும். 10 பாகை கூடினால் கடந்து போகும் அளவு ஒன்றரை முதல் இரண்டு மடங்காகும். மத்தியான பஸ்ஸில் கருவாடு அதிகமாக மணப்பதில் நம் மூக்கின் குற்றம் எதுவுமில்லை.

வெளியே போவது மணம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதே வழியால் ஒட்சிசன் உள்ளே வருகிறது. மீன் எண்ணெய் ஒட்சிசனுக்கு மிக இலகுவாக இரையாகும் கொழுப்பு. ஒட்சிசன் பட்ட இடத்தில் கொழுப்பு மூலக்கூறு உடைந்து, உடைந்த துண்டு பக்கத்து மூலக்கூறையும் உடைக்க, கருவாட்டின் வயிற்றுப் பக்கம் மஞ்சளித்துக் காறல் ஏறும். பால்மாவுக்கும் இதே கதைதான். முழு ஆடைப் பால்மாவில் 26 வீதத்துக்குக் குறையாத கொழுப்பு இருக்கிறது. அதற்கு ஒட்சிசனும் ஆகாது, ஈரமும் ஆகாது. ஈரம் ஏறினால் பாலில் உள்ள சீனி பளிங்காகி மா கட்டிபடும். மாரி காலத்தில் உப்புப் போத்தலே கசிந்து நிற்கும் நம் கரையில் இது சின்ன விசயம் இல்லை.

ஒட்சிசனை மறிக்கும் பொலிமர் இல்லாமல் இல்லை. எதிலீன் வினைல் அற்ககோல், சுருக்கமாக ஈ.வி.ஓ.எச்., என்ற ஒன்று இருக்கிறது. பொலிஎதிலீன் சங்கிலியில் இடையிடையே ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த சிறு கைகளை முளைக்க வைத்ததுபோல் அதன் அமைப்பு. பக்கத்துச் சங்கிலிகளின் கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், சங்கிலிகள் நெளிய இடமில்லை, இடுக்குத் திறப்பதில்லை. 25 மைக்ரோமீற்றர் தடித்த சாதாரணப் பொலித்தீன் படலத்தின் ஒரு சதுர மீற்றர் வழியாக, ஒரு வளிமண்டல அழுத்த வேறுபாட்டில், ஒரு நாளில் 7000 மில்லிலீற்றர் அளவு ஒட்சிசன் போகும். அதே தடிப்புள்ள உலர்ந்த ஈ.வி.ஓ.எச். வழியாக அரை மில்லிலீற்றரும் போகாது. வேறுபாடு பத்தாயிரம் மடங்குக்கு மேல். பையின் நடுவில் 5 மைக்ரோமீற்றர் ஈ.வி.ஓ.எச். செய்யும் வேலையைப் பொலித்தீனைக் கொண்டே செய்ய வேண்டுமானால், குறைந்தது 5 சென்ரிமீற்றர் தடித்த சுவர் எழுப்ப வேண்டும். இரண்டாவது சொப்பிங் பேக் ஏன் உதவவில்லை என்பது இங்கே விளங்கும். தடிப்பை இரட்டித்தால் கசிவு பாதியாகும். பாதி மணமே பஸ்ஸுக்குப் போதும்.

ஆனால் ஈ.வி.ஓ.எச்.இன் பலம் எதுவோ அதுவே அதன் நோயும். தண்ணீருக்கும் அதே கைகள் உண்டு. ஈரக் காற்றுப் பட்டால் நீர் மூலக்கூறு சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து, பற்றியிருந்த கைகளை விலக்கித் தான் பிடித்துக்கொள்ளும். படலம் ஊறித் தளரும்; தடை பத்து மடங்கு, சில வேளை அதற்கும் மேல் குறையும். கல்முனைக் காற்றில் திறந்து வைத்தால் ஈ.வி.ஓ.எச். அதிகம் உதவாது. எனவே அதை நடுவில் வைத்து இரு பக்கமும் பொலித்தீனால் மூட வேண்டும். பொலித்தீன் ஈரத்தை மறித்து ஈ.வி.ஓ.எச்.ஐக் காக்கும், ஈ.வி.ஓ.எச். ஒட்சிசனை மறித்துக் கருவாட்டைக் காக்கும். மீன் முள் குத்தினால் தாங்க நைலோன் வேண்டும். நல்ல ஏழு படைத் தாள் ஒன்றில் வழக்கமான வரிசை இது: பொலித்தீன், ஒட்டு, நைலோன், ஈ.வி.ஓ.எச்., நைலோன், ஒட்டு, பொலித்தீன். இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் தாள் சுருண்டுகொள்வதுமில்லை. உள்பக்கப் பொலித்தீனுக்கு இன்னொரு கடமையும் உண்டு. சூட்டில் உருகி வாயை ஒட்டுவது அதுதான். மீன் எண்ணெய் பூசியிருந்தாலும் ஒட்ட வேண்டும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். காற்றை உறிஞ்சிய பை, உப்பும் வெயிலும் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. அரைகுறையாய்க் காய்ந்த மீனை அதற்குள் அடைத்துச் சூட்டில் வைத்தால், ஒட்சிசன் இல்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு சுரக்கும் பொட்டுலினம் கிருமிக்கு அது வசதியான வீடு. கருவாடு முதலில் கருவாடாக இருக்க வேண்டும்.

சரி, இந்த ஏழையும் எப்படி ஒன்றாக்குகிறார்கள்? விடியற்காலையில் நம் குசினிகளில் அதன் முதல் பாடம் நடக்கிறது. இடியப்ப உரலில் மாவை இட்டு அழுத்தினால், அடித்தட்டின் துளை எந்த உருவமோ அந்த உருவத்தில் மா வெளியே வரும். தொழிற்சாலையின் எக்ஸ்ட்ரூடர் இதே வேலையைத்தான் செய்கிறது. உரலில் ஒரு தடவை இட்ட மா முடிந்ததும் நிறுத்தி மறுபடி நிரப்ப வேண்டும். எக்ஸ்ட்ரூடரில் அழுத்தும் கைக்குப் பதிலாக ஒரு நீண்ட திருகு சுழன்றுகொண்டே இருக்கிறது. இறைச்சி அரைக்கும் மெசினில் உள்ளதைப்போன்ற திருகுதான், ஆனால் தன் விட்டத்தைப்போல் 24 முதல் 30 மடங்கு நீளமானது. ஒரு முனையில் சவ்வரிசி போன்ற பிளாஸ்டிக் மணிகள் விழுகின்றன. திருகின் தண்டு போகப் போகத் தடித்து, புரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் ஆழம் குறைந்துகொண்டே வருவதால் மணிகள் நெருக்குப்பட்டு, ஒன்றோடொன்றும் சுவரோடும் உராய்ந்து உருகுகின்றன. வெளியே சூடாக்கும் பட்டைகள் இருந்தாலும், ஓட்டம் பிடித்த பிறகு உருக்கும் சூட்டில் பெரும்பகுதி இந்த உராய்வில் பிறப்பது. பொலித்தீன் 180 முதல் 220 பாகை வரையில், பளபளவென்று தெளிந்த, மிகக் கெட்டியான பாகாக மறுமுனைக்கு வந்து சேரும்.

பல்படைத் தாளுக்கு இப்படிப் பல திருகுகள் சுற்றி நிற்கும். ஒன்று பொலித்தீனை உருக்கும், ஒன்று நைலோனை, ஒன்று ஈ.வி.ஓ.எச்.ஐ, ஒன்று ஒட்டை. எல்லாப் பாகும் நடுவில் உள்ள ஒரு கனத்த உருக்குத் தலைக்குள் போய்ச் சேரும். அங்கேதான் என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும் கேள்வி எழுகிறது: உருகிய திரவங்கள் ஒன்றாகச் சேர்ந்தால் கலந்துவிடாதா?

தொதல் கிண்டியவர்கள் இதற்குப் பதில் சொல்வார்கள். பதம் வந்த தொதலில் கருப்பட்டி கூடிய கருத்த பகுதியும் வெளிர்ந்த பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், கிண்டாமல் விட்டால் அவை கலக்கா. தட்டில் ஊற்றினால் கோடு கோடாகவே படியும். தண்ணீர் சுழித்துக் கலக்கும், பாகு சுழிக்காது. உருகிய பொலித்தீனின் பிசுக்குமை தண்ணீருடையதைப்போல் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல். அவ்வளவு கெட்டியான பாகுகள் ஒடுங்கிய வாய்க்காலில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது, ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள்ளேயே மெலிந்து நீண்டுகொண்டு போகும்.  ஏழு மில்லிமீற்றராக இருந்த அடுக்கு ஒரு மில்லிமீற்றராக ஒடுங்கினாலும் வரிசை குலையாது. 1960களில் அமெரிக்காவின் டௌ நிறுவனத்தில் வால்டர் ஷ்ரெங்கும் அவரது தோழர்களும் இந்தக் குணத்தை எல்லை வரை கொண்டுபோனார்கள். அடுக்கை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மறுபடி ஒடுக்கி, நூற்றுக்கணக்கான படைகள் கொண்ட தாளைச் செய்தார்கள். ஒவ்வொரு படையும் ஒளியின் அலைநீளத்துக்கு ஒப்பான மெல்லிசாக இருந்ததால், சாயமே இடாத அந்தத் தாள் வானவில் நிறங்களைக் காட்டியது. திருமண வீட்டுப் பரிசுப் பொதிகளில் திரும்பும் பக்கமெல்லாம் நிறம் மாறி மினுங்கும் தாள் அந்த வம்சம்.

கலக்கவில்லை என்பதற்காகச் சண்டையிடவில்லை என்று நினைக்கக்கூடாது. ஒரு பாகு இளகியும் மற்றது இறுகியும் இருந்தால், இளகியது சுவரோரமாய் நழுவி இறுகியதைச் சுற்றி மூடப் பார்க்கும். வேகம் மிஞ்சினால் இரு படைகளின் எல்லை அலையலையாகச் சுருங்கி, தெளிந்திருக்க வேண்டிய தாள் மங்கலாகும். எனவே சூட்டையும் வேகத்தையும் பொருளின் ரகத்தையும் மாற்றி மாற்றி, பிசுக்குமைகளை ஒன்றுக்கொன்று பொருத்த வேண்டும். ஈ.வி.ஓ.எச். இன்னும் சிணுங்கலான பிள்ளை. வாய்க்காலின் ஏதாவது மூலையில் ஓட்டமின்றித் தேங்கினால் கருகிக் கட்டிபடும். கட்டி நடுவிலும் அதைச் சுற்றி ஒரு வளையமுமாக அது தாளில் வந்து விழும்போது தொழிலில் உள்ளவர்கள் அதை மீன் கண் என்றுதான் சொல்கிறார்கள். கருவாட்டுப் பைக்குப் பொருத்தமான பெயர். ஆனால் அந்த இடத்தில் தடை இல்லை.

அடுத்தது ஒட்டு. பொலித்தீனும் நைலோனும் ஒன்றையொன்று அண்டா. ஒன்றாகப் பிதுக்கி ஆறவிட்டால், வாழை மடலை உரிப்பதுபோல் இரண்டும் பிரிந்து வந்துவிடும். நடுவில் நிற்க ஒரு ஆள் தேவை: பொலித்தீன் பக்கத்தில் பொலித்தீனாகவும், நைலோன் பக்கத்தில் நைலோனுக்கு உறவாகவும். இதற்காகப் பொலிஎதிலீன் சங்கிலியின் உடம்பில் மெலெயிக் அன்ஐதரைட் என்ற சிறு மூலக்கூறை அங்கங்கே ஒட்டுகிறார்கள். நாட்டு மாங்கன்றில் நல்ல மாவின் தளிரை ஒட்டுக் கட்டுவதைப்போன்ற வேலை இது. ஒட்டிய பகுதி எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. அந்தச் சொற்ப அளவு போதும்; உருக்குத் தலைக்குள் சில கணங்கள் நைலோனைத் தொட்டவுடனே அதன் முனைகளோடு இரசாயனப் பிணைப்பாகக் கட்டிக்கொள்ளும். ஒட்டு மாங்கன்றும் ஒட்டும் பசையும் நம் மொழியில் ஒரே சொல்லாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தப் படையில் இரண்டும் ஒன்றே.

உருக்குத் தலையின் வாய் ஒரு வளைய வடிவப் பிளவு; இடைவெளி ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் இருக்கும். அதிலிருந்து எழும் உருகிய குழாய்க்குள் காற்றை ஊதுவார்கள். குழாய் உப்பிப் பலூனாகும், இரண்டு மூன்று மடங்கு அகலும். மேலே உருளைகள் அதை இழுத்துக்கொண்டிருக்கும். வாயைச் சுற்றியுள்ள வளையத்திலிருந்து குளிர்காற்று வீச, ஓர் உயரத்தில் தெளிந்த பாகு சட்டென்று மங்கி உறையும். அந்தக் கோட்டுக்குக் கீழே அது திரவம், மேலே தாள். பெரிய இயந்திரங்களில் இந்தப் பலூன் நாலைந்து மாடி உயரம் எழுந்து, உச்சியில் தட்டையாய் மடிந்து, உருளைகளுக்கு நடுவே நசிந்து, கீழே வந்து சுருளாகும். இரண்டு மில்லிமீற்றராகப் பிறந்தது 0.08 மில்லிமீற்றராக முடியும். மேல்நோக்கிய இழுப்பு சங்கிலிகளை நெடுக்கே நிமிர்த்துகிறது. காற்றின் உப்பல் குறுக்கே நிமிர்த்துகிறது. மருதமுனைத் தறியில் பாவு நெடுக்கேயும் ஊடை குறுக்கேயும் ஓடிச் சாரனுக்கு இரு பக்கப் பலம் தருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பலூனின் நோக்கம் உடனே பிடிபடும்.

எல்லாப் பொதியும் இவ்வழியில் பிறப்பதில்லை. பால்மாப் பைக்கட்டில், அச்சிட்ட பொலியெஸ்டர் தாளும் பொலித்தீன் தாளும் தனித்தனியே செய்யப்பட்டுப் பசையால் ஒட்டப்படுகின்றன. நடுவில் மினுங்குவது அலுமினியத் தகடு, அல்லது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த, ஒரு மைக்ரோமீற்றரில் இருபதில் ஒரு பங்கும் இல்லாத அலுமினியப் பூச்சு. வழி வேறானாலும் எண்ணம் ஒன்றே: ஒத்துப்போகாத பொருட்களைப் பிரியாதபடி கட்டுவது.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒட்சிசனை மறிக்கும் முதல் பெரிய பிளாஸ்டிக்கான சரானை 1933இல் டௌ நிறுவனத்தில் ரால்ஃப் வைலி கண்டார். ஈ.வி.ஓ.எச்.ஐ 1972இல் ஜப்பானின் குராரே நிறுவனம் வணிகத்துக்குக் கொண்டுவந்தது. 1983இல் ஹெயின்ஸ் தக்காளி சோஸ் பிதுக்கக்கூடிய பல்படைப் போத்தலிலும் வந்தது. அதே 1983இல் தமிழ்நாட்டின் கடலூரில் சி.கே.ரங்கநாதன் தொடங்கிய தொழில், சிக் ஷாம்பூவைச் சிறு பைக்கட்டில் ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோனது; அந்தச் சிறு பைக்கட் எண்ணத்துக்கு அவரது தகப்பனார் சின்னிகிருஷ்ணன் முன்னோடி. ஒரு போத்தல் வாங்க வக்கில்லாதவர் ஒரு தடவைக்கு மட்டும் வாங்கலாம் என்பது நியாயமான எண்ணம். இலங்கை 2021 மார்ச் 31 முதல் 20 கிராம் அல்லது 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத சிறு பைக்கட்டுகளைத் தடை செய்தபோதும் உணவுக்கும் மருந்துக்கும் விலக்களிக்க வேண்டியிருந்தது.

இனி அந்தப் பை போய்ச் சேரும் இடத்துக்குப் போவோம்.

அம்பாறைக் கரையோரத்தில் நிலம் ஒரு நாடாப்போல. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் வீட்டோடு வீடு முட்டி நிற்கும் ஊர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் குடியிருக்க மனம் வராமல் அந்த நாடா இன்னும் ஒடுங்கியது. குப்பையைப் புதைக்க இங்கே யாரிடமும் காணி இல்லை. எனவே சுற்றியுள்ள ஊர்களின் குப்பை, அட்டாளைச்சேனைக்கு மேற்கே காட்டோரமாய் இருக்கும் பள்ளக்காட்டுக்குப் போகிறது. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு அங்கே கழிவு முகாமைத் திட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. சுற்றியிருந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது, அது திருத்தப்படவில்லை. அன்று முதல் ஆனைகள் உள்ளே வருகின்றன. 2020இல் யாழ்ப்பாணத்துப் புகைப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் எடுத்த படங்களில், ஆனைக் கூட்டம் முழங்கால் ஆழக் குப்பைக்குள் நின்று மேய்வதை உலகம் பார்த்தது. 2022 ஜனவரியில் மேலும் இரண்டு ஆனைகள் அங்கே இறந்து கிடந்தன. எட்டு ஆண்டுகளில் இறந்தவை ஏறத்தாழ 20. வயிற்றை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள் பொலித்தீனையும் உணவு உறைகளையும் கண்டார்கள். ஆனை வழக்கமாகத் தின்று செரிக்கும் தீன் எதுவும் அங்கே தெரியவில்லை.

பிளாஸ்டிக் போத்தலைப் பொறுக்கி விற்கலாம், விலை உண்டு. பல்படை உறையைப் பொறுக்குபவர் இல்லை, ஏனென்றால் அதை உருக்கினால் எதுவும் ஆகாது. இதன் காரணம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பொலித்தீன் 110 முதல் 130 பாகையில் உருகும், நைலோன் 220இல், பொலியெஸ்டர் 250ஐத் தாண்டி. எல்லாம் உருகும் சூட்டுக்குக் கொண்டுபோனால் ஈ.வி.ஓ.எச். சிதையத் தொடங்கும். சிதையாவிட்டாலும் அவை கலக்கா. சிவப்பு அரிசியையும் வெள்ளை அரிசியையும் ஒரு சுளகில் போட்டுக் குலுக்கினால் நொடியில் கலந்துவிடும். சிவப்பு இடியப்பத்தையும் வெள்ளை இடியப்பத்தையும் அப்படிக் கலக்க முடியுமா? இழை நீளமாக நீளமாகக் கலப்பதில் கிடைக்கும் இயற்கையின் ஆதாயம் குறைகிறது. 1940களின் தொடக்கத்தில் போல் ஃபுளோரியும் மோரிஸ் ஹகின்ஸும் இதைக் கணக்காக நிறுவினார்கள். நீண்ட சங்கிலிகளுக்கு இடையில் சொற்பப் பகை இருந்தாலும் போதும், அவை துளித்துளியாகப் பிரிந்தே நிற்கும். ஆறிய கட்டி துளிகளின் விளிம்பில் உடைந்துபோகும். பாகுகள் கலக்காமல் இருந்ததால்தான் ஏழு படைத் தாள் பிறந்தது. அதே கலக்காமையால்தான் அது மறுபடி எதுவாகவும் பிறக்க மாட்டேன் என்கிறது.

இதற்கு விடை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2020இல், பொலித்தீன், ஈ.வி.ஓ.எச்., பொலியெஸ்டர் மூன்றும் கொண்ட ஒரு தாளைக் கரைசல்களால் பிரித்துக் காட்டியது. சூடான தொலுயீனில் பொலித்தீன் மட்டும் கரைந்தது. டைமெதில் சல்பொக்சைட்டில் ஈ.வி.ஓ.எச். மட்டும் கரைந்தது, பொலியெஸ்டர் எஞ்சியது. மூன்றையும் ஏறத்தாழ முழுமையாக மீட்டார்கள். இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, தாளைப் பிறக்கும்போதே வேறுவிதமாகப் பிறக்க வைக்கும் வழி. நைலோனையும் பொலியெஸ்டரையும் விட்டுவிட்டு, இழுத்து வலுவேற்றிய பொலித்தீனையே வெளிப்புறப் படையாக வைத்து, ஈ.வி.ஓ.எச்.ஐ மொத்த எடையில் 5 வீதத்துக்கு மேற்படாமல் நிறுத்தினால், அந்தத் தாளைப் பொலித்தீனோடு பொலித்தீனாகவே உருக்கிவிடலாம். சந்தையில் உள்ள எல்லாப் பொதிகளும் 2030க்குள் மீள்சுழற்சிக்கு ஏற்றவையாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் சட்டமாக்கியிருப்பதால் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்புகின்றன. நம் கடைக்காரரின் சுருளும் ஒருநாள் அப்படி மாறலாம். இப்போதைக்கு நம் நாட்டில் இத்தகைய உறைகளை முறையாக எரிக்கும் இடம் புத்தளத்துச் சீமெந்துச் சூளை. அது தீவின் மறுகரை.

பள்ளக்காட்டில் நடப்பதற்குள் ஒரு அறிவியல் இருக்கிறது. முதலில் பார்த்த அந்த மணத்தின் தொடர்ச்சி அது. கடதாசிப் பெட்டிகளில் வரும் தோடம்பழச் சாறு நாளாக ஆக மணம் குன்றும். மணம் வெளியே போய்விடுவதில்லை; பெட்டியின் உள்பக்கப் பொலித்தீனுக்குள் கரைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. நம் பிஸ்கட் உறையின், பால்மாப் பைக்கட்டின், கருவாட்டுப் பையின் உள்படையும் அப்படித்தான். உள்ளிருந்த பொருளின் மணத்தை மாதக்கணக்கில் குடித்துக்கொண்டிருக்கும். நடுப்படை அதை வெளியே விடாமல் மறித்திருக்கும். உறையைக் கிழிக்கும் கணத்தில் அந்த மறிப்பு முடிந்துவிடுகிறது. பொருளை எடுத்துவிட்டு, கழுவி எறிந்தாலும், உள்படை தான் குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாள்கணக்கில் காற்றில் விட்டுக்கொண்டிருக்கும்.

2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 13 விலங்குகளின் மரபணுக்களைப் பரிசோதித்தபோது, மணத்தை உணரும் மரபணுக்கள் மனிதரிடம் ஏறத்தாழ 400, நாயிடம் 800, ஆபிரிக்க ஆனையிடம் ஏறத்தாழ 2000 இருந்தன. பஸ்ஸின் கடைசி சீற்றில் நம் மூக்குக்கு எட்டியது இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பொழுது சாய்ந்ததும் காட்டோரத்தில் வந்து நிற்கும் ஆனை, உடைந்து கிடக்கும் வேலிக்கு அப்பால், கிழிந்து மண் படிந்த ஒரு உறையின் உட்புறத்தில் இன்னும் மீந்திருக்கும் இனிப்பையும் பால் வாசத்தையும் உப்பையும் தும்பிக்கை நுனியால் தேடிக் கண்டுபிடிக்கிறது. உறையோடு சேர்த்து வாய்க்குள் வைக்கிறது.